அடுத்த இரவுக்கு முன் ஒரு வெப்பக் கமெரா: வைத்தியசாலைக் கருவிக் கொள்வனவுப் பொறுப்பாளர்களுக்கு

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

எங்கள் தம்பியின் கால் விஷயம் உங்களுக்குத் தெரியும். கடிதமும் தந்தோம், நேரிலும் வந்து சொன்னோம். அதனால் விபத்திலிருந்து தொடங்கவில்லை. இரண்டாம் இரவை மட்டும் சொல்கிறேன்.

தொடைச் சதையை எடுத்து முழங்காலுக்குக் கீழே காயத்தில் வைத்து, இரத்தக் குழாய்களைத் தைத்திருந்தார்கள். அந்தச் சதையில் இரத்தம் ஓடுகிறதா என்று மணிக்கொரு தடவை பார்க்கும்படி சேர்ஜன் எழுதியிருந்தார். நாற்பது கட்டிலுக்கு இரண்டு மிஸ்மார். ஒரு பிள்ளை ரோச் லைற் அடித்து, விரலால் அழுத்தி, புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடாத்தான் இருக்கு அண்ணை" என்றது. தம்பி நல்ல கறுப்பு. அந்த மங்கல் வெளிச்சத்தில் தோல் வெளிறுகிறதா, நீலம் பாய்கிறதா என்று யாரால் சொல்ல முடியும்? மூன்று மணிக்கு நான் தொட்டபோது குளிர்ந்த மாதிரி இருந்தது. ஃபான் காற்றாக்கும் என்று விட்டுவிட்டேன். விடிய டொக்டர் பார்த்ததும் தியேட்டருக்குக் கொண்டு ஓடினார்கள். குழாயில் இரத்தம் கட்டிக் கனநேரம். சதை கறுத்துப்போனது.

அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. புறங்கைக்கு எத்தனை பாகை தெரியும்?

தோலின் சூட்டை நிறமாகக் காட்டும் சின்ன வெப்பக் கமெராவைக் கைத்தொலைபேசியிலேயே செருகலாம். ஃபிளாப்பை, அதாவது வைத்துத் தைத்த சதையை, தொடவே தேவையில்லை. பக்கத்துத் தோலைவிட 2 பாகை செல்சியஸ் அளவில் குறைந்தால் ஆளைக் கூப்பிடலாம், படத்தைச் சேர்ஜனுக்கே அனுப்பலாம். உள்ளே புதைத்த சதைக்கு அது உதவாது, காற்றும் ஈரமும் அளவைக் குழப்பும், டொக்டரின் கண்ணும் வேண்டும். சரி. ஆனால் இரத்தம் கட்டுவது பெரும்பாலும் முதல் மூன்று நாளில்தான். அந்த இரவுகளுக்காவது ஒரு கமெரா வாங்கித் தாருங்கள்.

2020இல் கொரோனா வந்தபோது வாசலில் நிறுத்தி எங்கள் நெற்றிச் சூட்டை அளந்தீர்கள். அப்போது காசு இருந்தது. இப்போது எதைக் கேட்டாலும் கொழும்பு அனுமதி என்கிறீர்கள். ஸ்கானுக்கு வெளியே காசு கட்டினோம், பன்டேஜும் வெளியேதான் வாங்கினோம். எங்கள் உடம்பு மட்டும் எப்போதும் வரிசையில் கடைசியா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது அந்த ஒரு கமெராதான். அடுத்த மாதம் தம்பியின் மற்றத் தொடையிலிருந்து சதை எடுக்கப்போகிறார்கள். அதற்கு முன் கமெரா விடுதிக்கு வந்துவிட வேண்டும் என்று தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டிலடியில் இருந்த அண்ணன்,
யாழ்ப்பாணம்