கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து வை

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். உங்கள் ஊர்ப் பக்கம் எத்தனால் ஆலை வருகிறது, கருத்துக்கேட்புக் கூட்டத்தில் என்ன கேட்கலாம் என்று எழுதியிருந்தாய். 22 வருஷம் டிஸ்டிலரியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எத்தனால் என்பது ஆல்கஹால்தான், அதை எடுப்பது பெரிய வித்தை இல்லை. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸில் தண்ணீர் விட்டு ஈஸ்ட் சேர்த்தால் ஒன்றரை நாளில் புளித்துவிடும். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் நுரை பொங்கும், கள் வாடை மூக்கில் ஏறும். அதில் ஆல்கஹால் நூற்றுக்கு எட்டு, பத்து பங்குதான். காய்ச்சி வடித்தால் 95 சதவீதம் வரை ஏறும். அதற்கு மேல் வெறும் கொதிப்பில் தண்ணீர் பிரியாது. ஆவியை ஜியோலைட் என்ற கனிமக் குருணை நிரப்பிய கலனில் விட்டு, மிச்சத் தண்ணீரை உறிஞ்ச வைக்க வேண்டும். பெட்ரோலில் கலக்க அந்தச் சுத்தம் தேவை.

சரி, மீதித் தொண்ணூறு பங்கு எங்கே போகும்? நீ கேட்க வேண்டியது அதைத்தான். ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்குப் பத்து லிட்டர் அளவுக்கு ஸ்பென்ட் வாஷ் என்ற கழிவுநீர் வரும். காபி டிகாஷன் நிறம், கை வைக்க முடியாத சூடு. தண்ணீரில் கலந்தால் ஊர்ச் சாக்கடையைவிட நூறு மடங்கு ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்போதிருந்த ஆலையில், மழைக்குக் கழிவுக் குட்டையின் கரை உடைந்தது. காலையில் ஓடைக்கு ஓடினேன். கெண்டைகள் வாயைப் பிளந்தபடி கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. மூச்சுத் திணறியே செத்திருந்தன. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் அப்புறம் பல வருஷம் பழுப்புத் தண்ணீர்தான் ஊறியது. அந்த வீட்டு அம்மா குடத்தைச் சாய்த்து எனக்குக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது வழி உண்டு. அந்தக் கழிவிலிருந்து முதலில் மீத்தேன் எரிவாயு எடுக்கலாம். ஆனால் அதற்குப் பிறகும் நிறம் போகாது, உப்பும் போகாது. அதோடு நிறுத்திவிட்டு ‘சுத்திகரித்தாயிற்று’ என்றால் ஒப்புக்கொள்ளாதே. தண்ணீரை ஆவியாக்கி, கெட்டியானதை பாய்லரில் எரிக்க வேண்டும். சாம்பலில் பொட்டாஷ் நிறைய இருக்கும், உரமாகப் போகும். மொலாசஸுக்குப் பதில் மக்காச்சோளத்தில் எத்தனால் எடுக்கும் ஆலை என்றால் சக்கையை உலர்த்தி மாட்டுத்தீவனமாக விற்கலாம், அது கொஞ்சம் எளிது.

கூட்டத்தில் ஒன்றை மட்டும் அழுத்திக் கேள்: கழிவை ஆவியாக்கும் கலன் பழுதானால், அன்றைக்கே உற்பத்தியை நிறுத்துவீர்களா? பதிலை எழுத்தில் வாங்கு.

அடுத்த ஞாயிறு வருகிறேன். அன்று காலை உன் கிணற்றுத் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் விளிம்பு வரை பிடித்து வை. கையோடு சோதனைக்குக் கொடுத்துவிடலாம். ஆலை வருமுன் அது எப்படி இருந்தது என்ற காகிதம் உன் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
சேகர்