அக்காவுக்கு, சாட்சிக் கூண்டேறும் முன்

அக்கா,

ஒரு வழக்கில், நேரில் பார்த்தவர்களின் நினைவை எவ்வளவு நம்பலாம் என்பது பற்றி நிபுணராகச் சாட்சி சொல்லக் கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். எந்த வழக்கு, எந்தத் தரப்பு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நாலு பேர் படிக்கிற இடம் இது, வழக்கும் நடந்துகொண்டிருக்கிறது. அதனால் அதைப் பற்றி இங்கே ஒரு வரியும் எழுதமாட்டேன். நீங்கள் போனை எடுத்திருந்தால் இப்படி ஊரறிய எழுதவே வேண்டியிருந்திருக்காது.

"ரோசன்பர்க் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் இப்படித்தான் பேசுவாயா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனீர்கள். இன்று ஜூலை 29. பதில் சொல்லப் பொருத்தமான நாள்தான்.

அந்தக் காட்சியை எனக்குக் காட்டியதே நீங்கள்தானே. 1987 பிப்ரவரி, ஜெருசலேம் நீதிமன்றம். ட்ரெப்ளிங்கா என்ற நாஜிக் கொலை முகாமில் 'இவான்' என்று அழைக்கப்பட்ட காவலன் இவர்தான் என்று டெம்யான்யுக் மேல் வழக்கு. டெம்யான்யுக்கின் கண்ணாடியைக் கழற்றச் சொல்கிறார், அந்த முகாமில் உயிர் பிழைத்த எலியாகு ரோசன்பர்க். கிட்டே போகிறார், கண்களை உற்றுப் பார்க்கிறார். டெம்யான்யுக் கை நீட்டுகிறார். ரோசன்பர்க் பதறிப் பின்வாங்கி, இவன்தான் இவான், எனக்குச் சந்தேகமே இல்லை என்று கத்துகிறார். நீங்கள் அங்கேயே நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். நீங்கள் பார்த்தது ரோசன்பர்க்கின் முகத்தை. நான் அந்த நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பேர் நடுவில், இப்படி ஒரு குற்றச்சாட்டின் கீழ் நிற்கிறவன் எதற்குக் கை நீட்டுகிறான்? திமிரா, அப்பாவித்தனமா? எனக்கு இன்றும் பிடிபடவில்லை. அன்று அதை உங்களிடம் கேட்கவும் துணியவில்லை.

ட்ரெப்ளிங்காவில் விஷவாயு அறையிலிருந்து பிணங்களை வெளியே இழுக்கும் வேலை ரோசன்பர்க்குக்கு. அந்த அறையின் எஞ்சினை இயக்கியவன் இவான். அந்த முகம் மறக்குமா என்பீர்கள். மறந்தார் என்று நான் எங்கே சொன்னேன்? ஒரு முகம் மனசில் இருப்பது வேறு, முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து ஆல்பத்தில் ஒரு படத்தைத் தொட்டுக் காட்டுவது வேறு. உயிர் பிழைத்தவர்களிடம் 1976-இல் காட்டியது டெம்யான்யுக்கின் 1951 விசா படம். பக்கத்திலிருந்த மற்ற படங்களைவிடப் பெரியது, தெளிவானது. லெய்டன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் வில்லெம் வாகனார் கூண்டேறி, படம் காட்டிய முறையே கோளாறு என்றார். யாரையும் பொய்யர் என்று அவர் சொல்லவில்லை. அவர் சொன்னது எடுபடவும் இல்லை. 1988 ஏப்ரலில் மரண தண்டனை.

ரோசன்பர்க்கே 1947-இல் கொடுத்த வாக்குமூலத்தில், 1943 ஆகஸ்டில் முகாம் கைதிகள் நடத்திய கிளர்ச்சியில் இவான் கொல்லப்பட்டதாக இருந்தது. கேட்டபோது, மற்றவர்கள் சொன்னதைச் சொன்னேன், அப்படியே நம்ப ஆசைப்பட்டேன் என்றார். அக்கா, அந்த மனுஷனை நான் குறைத்துப் பேசுவேன் என்று நீங்கள் எப்படி நினைத்தீர்கள்?

1993-இல் இதே தேதியில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் டெம்யான்யுக்கை விடுவித்தார்கள். அந்த எஞ்சினை இயக்கியவன் என்று ட்ரெப்ளிங்கா காவலர்கள் பலர் சோவியத் விசாரணையில் சொன்ன பெயர் இவான் மார்ச்சென்கோ. தூக்குக் கயிறு முந்தியிருந்தால் அந்தக் காகிதங்களை யார் பிரித்துப் பார்த்திருப்பார்கள்?

நினைவை ஆராயும் உளவியலாளர், யூதரான எலிசபெத் லாஃப்டஸ், டெம்யான்யுக் தரப்பு அழைத்தும் போகவில்லையே என்பீர்கள். தன் இனத்தின் காயம், அவர் மறுத்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதையே எனக்கு அறமாகக் காட்டாதீர்கள். நீங்கள் ஆஜரான கட்சிக்காரர்கள் எல்லோரும் உத்தமர்களா என்ன? (பெயர் சொல்லமாட்டேன். பயப்பட வேண்டாம்.)

டெம்யான்யுக் நல்லவர் என்றும் நான் சொல்லவில்லை. நாஜிகள் முகாம் காவலர்களுக்குப் பயிற்சி கொடுத்த இடம் ட்ராவ்னிகி. ஜெருசலேமில் அரசுத் தரப்பே தாக்கல் செய்த ட்ராவ்னிகி அடையாள அட்டையில் இன்னொரு கொலை முகாமான சோபிபோர் என்றிருந்தது, ட்ரெப்ளிங்கா இல்லை. அதே அட்டைதான் பிறகு ஜெர்மனியில் அவர்மேல் நடந்த வழக்குக்காக மியூனிக் போனது. அங்கே சோபிபோரில் குடும்பத்தை இழந்த தாமஸ் பிளாட், முகாம் எப்படி நடந்தது என்று சொன்னார். டெம்யான்யுக்கின் முகம் நினைவில்லை என்பதையும் ஒளிக்கவில்லை. ஆளைக் கட்டிப்போட்டது ஆவணங்களும் அவற்றைப் படிக்கத் தெரிந்த வரலாற்றாளர்களும். 2011 மே, 28,060 பேர் கொலைக்கு உடந்தை, ஐந்தாண்டு. மேல்முறையீடு முடியுமுன் 2012-இல் செத்துப்போனார். பிளாட் அன்று அடையாளம் காட்டாததால் யாருக்காவது நீதி குறைந்ததா?

என் ஆய்வேட்டை ராத்திரி முழுக்க உட்கார்ந்து சிவப்பு மையில் திருத்தியவர் நீங்கள். ஓரத்தில் நீங்கள் எழுதிய "இதற்கு ஆதாரம்?" இல்லாத பக்கமே கிடையாது. அதே கேள்வியை நான் கோர்ட்டில் கேட்டால் மட்டும் துரோகமா? உங்களை வருத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கூண்டேறுவதற்குக் கேட்கமாட்டேன். வழக்கில் சாட்சி சொல்லும் அந்தப் பெண் அழுதால் எனக்கும் கை நடுங்கும், அதுவும் தெரியும். நடுங்கினாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் வரமாட்டீர்கள். ஆனால் வளாகத்தில் எதிரே வந்தால் தெரியாதவர் மாதிரி போய்விடாதீர்கள். திட்டுவதென்றால் நேரிலேயே நன்றாகத் திட்டிவிடுங்கள்.