பேஸ் வாசித்தவர் யார்? இசைச் செயலிகளை நடத்துவோருக்கும் பழைய ஜாஸ் பதிவுகளை மறுவெளியீடு செய்வோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோருக்கு,

வணக்கம். உங்களில் ஒருவருடைய செயலிக்கு மாதச் சந்தா கட்டிக் கேட்டுவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சில வாரங்களுக்கு முன், 1946-ஆம் ஆண்டு ஜனவரி கடைசி நாளன்று லண்டனில் பதிவான ஓர் இசைத்துண்டு அதில் கிடைத்தது. 1939-இல் போர் மூண்டபோது கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் பிரான்சுக்குத் திரும்பிவிட, அவருடைய கூட்டாளியான வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லி லண்டனிலேயே தங்கிவிட்டார். அந்தப் பிரிவுக்குப் பிறகு கிதாரும் வயலினும் மீண்டும் சேர்ந்த முதல் ஒலிப்பதிவு அது. பிரெஞ்சு தேசிய கீதத்தையே ஸ்விங் எனும் துள்ளலான ஜாஸ் நடையில் வாசித்திருக்கிறார்கள். டிரம்ஸ் கிடையாது. இரண்டு துணைக் கிதார்கள் தாளத்தை நறுக்கிக்கொண்டே போக, அவற்றுக்குக் கீழே ஒரு டபுள் பேஸ் (தாழ்ந்த குரலில் ஒலிக்கும் ஆளுயர நரம்பு வாத்தியம்), அவசரமும் தயக்கமும் இல்லாமல், மொத்தக் குழுவையும் தாங்கிக்கொண்டு நடக்கிறது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அந்தப் பேஸ் அநேகமாக மறைந்துவிடும். காதில் நல்ல ஹெட்ஃபோன் வைத்துக் கேட்டால், நரம்பை விரல் விட்டுப் பிரியும் சத்தம்கூடக் கேட்கிறது.

வாசித்தவர் யார் என்று திரையில் தேடினேன். ரைன்ஹார்ட், கிராப்பெல்லி என்ற இரண்டு பெயர்கள்தான் இருந்தன. அதே பதிவு வேறு வேறு அட்டைப்படங்களோடு, வேறு வேறு தொகுப்புப் பெயர்களில் பல பிரதிகளாகக் கிடந்தது. நான் திறந்து பார்த்தவற்றில் ஒன்றில்கூட மூன்றாவது பெயர் இல்லை.

அந்த மூன்றாவது பெயர் கோல்ரிட்ஜ் குட். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1914 நவம்பர் 29 அன்று பிறந்தவர். தந்தை தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பாடகர் குழுவை நடத்தியவர். தாய் அதே குழுவில் பாடியவர். 19 வயதில், 1934-இல், பொறியியல் படிக்க ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு வந்தார். கையில் இருந்தது வயலின். வாசித்துக்கொண்டிருந்தது மேற்கத்தியச் செவ்விசை. அமெரிக்க ஜாஸ் குழுத் தலைவர்களான கவுன்ட் பேசி, டியூக் எல்லிங்டன் ஆகியோரின் இசைத்தட்டுகளைக் கேட்ட பிறகு பேஸைக் கையில் எடுத்தார். படித்து முடித்து ஊர் திரும்பி எஞ்சினியராக வேண்டும் என்றிருந்த திட்டத்தைக் கைவிட்டு, 1942-இல், குண்டுவீச்சின் சுவடு ஆறாத லண்டனுக்கு, முழுநேர இசைக்கலைஞராகக் குடிபெயர்ந்தார். அந்தத் துணிச்சலை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.

அவருடைய தொழில் வாழ்க்கை எந்தெந்தப் பெயர்களுக்கு அடியில் கழிந்தது என்று பாருங்கள். ரே எல்லிங்டன் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவின் தொடக்க உறுப்பினர். டிட்டோ பர்ன்ஸின் குழுவில் வாசித்தவர். 1958 முதல் சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டின் குவின்டெட்டில், அதாவது ஐவர் குழுவில், இருந்தவர். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பியானோ கலைஞர் மைக்கேல் காரிக்கோடு நீண்ட காலம் சேர்ந்து வாசித்தவர். நடுவே சொந்தக் குழு ஒன்றையும் நடத்தினார். ஆனாலும் அவர் விட்டுச் சென்ற ஒலிப்பதிவுகளில் ஏறக்குறைய எல்லாமே அடுத்தவர் பெயரில் வந்தவை. நம் கச்சேரி மொழியில் சொன்னால், அவர் பக்கவாத்தியக்காரர். தலைவரின் பெயரை மட்டும் வைத்துத் தேடும் உங்கள் அமைப்பில், அப்படிப்பட்டவருக்கு வாழ்ந்த தடயமே இல்லாமல் போகிறது.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது ஹாரியட் காலத்துப் பதிவுகள். 1960-இல் பதிவான 'ஃப்ரீ ஃபார்ம்', அடுத்த ஈராண்டுகளில் பதிவான 'ஆப்ஸ்ட்ராக்ட்' ஆகியவற்றில், நிலையான தாளக்கட்டு, முன்கூட்டியே தெரிந்த ஸ்வரக்கூட்டு வரிசை, அளந்து வைத்த சுற்றுகள் என்று ஜாஸ் அதுவரை ஊன்றி நின்றவற்றில் குறைந்தது ஒன்றையாவது வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஹாரியட் சோதித்துப் பார்த்தார். சாக்ஸபோனுக்கு இது விடுதலையாக இருக்கலாம். பேஸுக்கு அப்படியல்ல. ஸ்வரக்கூட்டின் அடிநாதத்தையும் தாளத்தின் அடியையும் ஒருசேரக் காட்டுவதே தொழிலாக இருபது ஆண்டுகள் பழகிய ஒருவர், அந்த இரண்டும் இல்லாத இடத்தில், எங்கே நடப்பது, எங்கே நிற்பது, எங்கே வாசிக்காமலே இருப்பது என்பதை அந்தந்தக் கணத்தில் தானே முடிவு செய்ய வேண்டும். அப்போது குட்டுக்கு வயது 45-க்கு மேல். ஹாரியட் அவரைவிட 13 ஆண்டுகள் இளையவர். வேறொருவராக இருந்தால், பழகிய தொழிலே போதும் என்று ஒதுங்கியிருப்பார். குட் ஒதுங்கவில்லை, பிரிட்டிஷ் ஜாஸில் அந்தப் பத்தாண்டின் ஆகத் துணிச்சலான சோதனை இவருடைய விரல்கள் மேல்தான் நின்றது.

பிறகு, கல்கத்தாவில் பிறந்த இசையமைப்பாளர் ஜான் மேயருடன் ஹாரியட் சேர்ந்து நடத்திய, இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்த இந்தோ-ஜாஸ் ஃப்யூஷன்ஸ் குழுவிலும் குட் வாசித்தார். தம்புராவின் சுருதி ஓயாமல் ஒலிக்கும் இடத்தில் பேஸுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அந்தப் பதிவைப் பொறுமையாகக் கேட்டால் விடை கிடைக்கும். அமெரிக்க பேஸ் கலைஞர் ஸ்லாம் ஸ்டூவர்ட்டைப் போல வில்லால் இழுத்தபடியே அதே ஸ்வரங்களை வாயால் முனகும் வித்தையும் அவருக்குக் கைவந்திருந்தது. இப்படிப்பட்டவரை 'மற்றும் பலர்' என்று கூடக் குறிக்காமல் விடுவது சரிதானா?

இதன் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. பிரிட்டனில் ஒலிப்பதிவுகளுக்கான சட்டப் பாதுகாப்பு நெடுங்காலம் 50 ஆண்டுகளாகவே இருந்தது. 2013-இல் அதை 70 ஆண்டுகளாக நீட்டியபோது, அதற்கு முன்பே காலம் முடிந்துபோன பதிவுகளுக்கு அந்த நீட்டிப்பு பொருந்தவில்லை. எனவே 1946-இன் பதிவை அங்கே இன்று யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். வெளியிடுபவர் பழைய உறையின் பின்னட்டையைப் பார்ப்பதில்லை. முன்னட்டையில் உள்ள பெரிய பெயரை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பிவிடுகிறார். நீங்களும் அப்படியே ஏற்றுக்கொள்கிறீர்கள். சட்டம் உங்களுக்கு உரிமைத்தொகையை மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கலாம். பெயரை அழிக்கச் சொல்லவில்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் அல்ல. இசைக்கோப்போடு வரும் தரவில், வாசித்தவர் பெயரையும் அவருடைய வாத்தியத்தையும் குறிக்க ஏற்கனவே இடம் இருக்கிறது. அது காலியாக வந்தால் மறுவெளியீட்டை ஏற்காமல் திருப்பி அனுப்புங்கள். நிரம்பி வந்தால் அதை மூன்று தட்டல்களுக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், பாட்டின் பெயருக்குக் கீழேயே காட்டுங்கள். பேஸ் வாசித்தவரின் பெயரைத் தொட்டால், அவர் யார் யாரோடு வாசித்தாரோ அத்தனை பதிவுகளும் வரிசையாக வரட்டும். குட்டின் விஷயத்தில் அந்த வரிசை 1940-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகளுக்கு நீளும்.

அவர் 2015 அக்டோபர் 2 அன்று, 100 வயதில் காலமானார். தொண்ணூறை நெருங்கும் வயதிலும் லண்டனின் கிரவுச் எண்ட் பகுதியில் உள்ள கிங்ஸ் ஹெட் விடுதியில், டிரம்ஸ் கலைஞர் லாரி மார்கன் ஞாயிறுதோறும் நடத்திய அமர்வுகளில் பேஸோடு நின்றுகொண்டிருந்தார். ரோஜர் காட்டரெல்லோடு சேர்ந்து எழுதிய தன்வரலாறு 2002-இல் வந்தது. 2011-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற ஜாஸ் விருதுகளில் ஜாஸ் சேவைக்காகக் கௌரவிக்கப்பட்டார். ஆகவே, தகவல் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்ல வழியில்லை.

வேலையை எங்கே தொடங்குவது என்று கேட்டால், நான் கேட்ட அந்த 1946-ஆம் ஆண்டுப் பதிவிலேயே தொடங்கலாம். விவரத்தை நானே தருகிறேன்: வயலின், ஸ்டெஃபான் கிராப்பெல்லி, தனிக் கிதார், ஜாங்கோ ரைன்ஹார்ட், துணைக் கிதார்கள், ஜாக் லெவெலின், ஆலன் ஹாட்ஜ்கிஸ், டபுள் பேஸ், கோல்ரிட்ஜ் குட்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவன்