கோரிக்கை மனு: நீலகிரிப் புல்வெளிகளில் மரம் நடுவதை நிறுத்துக

அனுப்புநர்:
உதகை வட்டத்து ஊர்ப் பொதுமக்கள்

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம்

பொருள்: மலைப் புல்வெளிகளில் மரக்கன்று நடுவதைத் தடுத்து, அவற்றை இயற்கை வாழிடமாகப் பாதுகாக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மழைக்காலம் வந்தால் எங்கள் பகுதிப் புல்வெளிகளில் மரம் நடும் விழாக்கள் தொடங்கிவிடுகின்றன. நடுபவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் தரிசு, புறம்போக்கு என்று இருப்பதால் மட்டும் ஒரு நிலம் வெற்றிடமாகிவிடாது.

பள்ளத்தில் சோலைக்காடு, மேட்டில் புல் என்பதே இம்மலையின் இயல்பு. உறைபனியில் சோலைக் கன்றுகள் கருகிவிடும். புல் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். காட்டை அழித்ததால் வந்த புல் இது என்று பலர் நினைக்கிறார்கள். இங்குள்ள சதுப்புப் படிவுகளை ஆராய்ந்தவர்களோ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்வெளி இருந்ததைக் கண்டறிந்துள்ளனர்.

பெய்யும் மழையைப் புல்லும் அதன் அடிமண்ணும் வாங்கி வைத்து, கோடையிலும் ஓடைகளுக்கு விடுகின்றன. அந்த நீர்தான் பைக்காராவாக, மோயாறாக இறங்கிப் பவானிசாகரில் சேர்கிறது. உதகைக்கு அருகே கிளென்மார்கனில் புல்வெளியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டு அளந்து பார்த்தபோது, நட்டு வெட்டும் முதல் சுற்றிலேயே நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. இந்த இழப்பு மலையோடு நிற்பதில்லை, கீழ்பவானிப் பாசன விவசாயியையும் சேர்கிறது.

தோல் பதனிடும் பட்டைக்காக முன்பு நடப்பட்ட சீகை (வாட்டில்) என்ற அந்நிய மரம் இன்று யாரும் நடாமலே பரவுகிறது. தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல்லே அரிதாகிவிட்டது. நம் மாநில விலங்கான வரையாட்டுக்கு மேய்ச்சலும் இதே புல்தான். பயன் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும்: மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரப் புல்வெளிகளை விட்டால் நீலகிரி நெட்டைக்காலிக்கு உலகில் வேறு இடமில்லை. நமக்கு எதுவும் தராவிட்டாலும் அந்தச் சிறு பறவைக்கு இங்கே வாழ உரிமை உண்டு என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

அந்நியத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்கும் கொள்கையைத் தமிழ்நாடு அரசே 2022-இல் வெளியிட்டுள்ளது. அதன்படி, காப்புக்காட்டுக்கு வெளியே எஞ்சியுள்ள புல்வெளிகளையும் சதுப்புகளையும் வருவாய்த் துறையும் வனத் துறையும் சேர்ந்து அளந்து பதிவு செய்ய உத்தரவிட வேண்டுகிறோம். அதுவரை அங்கே எந்த அமைப்புக்கும் நடவு அனுமதி தர வேண்டாம். சீகையை அகற்றும் இடங்களில் உள்ளூர்ப் புல்லை மீட்கும் வேலையைத் தோடர் உள்ளிட்ட பழங்குடி மக்களிடம் உரிய கூலியுடன் ஒப்படைக்க வேண்டும். மரம் நட விரும்புவோருக்குச் சோலை ஓரங்களில் சிதைந்த இடங்களைக் காட்டினால் அவர்கள் உழைப்பும் வீணாகாது.

இப்படிக்கு,
உதகை வட்டத்து ஊர்ப் பொதுமக்கள்