விழுந்தவரைத் தூக்குவது மட்டும்தான் உதவியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினி விளையாட்டுகள் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் கிராபிக்ஸ், கதை என்பதோடு நின்றுவிடுகின்றன. உள்ளே ஓடும் விதிகளைப் பற்றியும் யாராவது பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன், சரி, நானே எழுதிவிடுகிறேன்.

பகடை உருட்டி ஆடும் கற்பனைச் சாகச விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடியவர்களுக்கு ‘ஹெல்ப்’ என்ற உதவி விதி தெரிந்திருக்கும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, உங்கள் முறை வரும்போது நீங்கள் அடிக்காமல், 5 அடிக்குள் நிற்கும் எதிரியின் கவனத்தைக் கலைக்கலாம். அடுத்து அவனைத் தாக்கும் தோழருக்கு அட்வான்டேஜ் கிடைக்கும், அதாவது 20 முகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். விதி இவ்வளவுதான். ஆனால் மேசையில், “நான் அவன் கண்ணில் மண்ணை வாரி வீசுகிறேன், நீ பின்னால் போ” என்று ஒருவர் சொல்ல, மற்றவர் உருட்ட, முதலில் 4 விழுந்து எல்லோர் முகமும் தொங்கி, அப்புறம் 19 விழும் பாருங்கள், அந்த அடி இரண்டு பேருக்கும் சொந்தம்!

இதே விதிகளை அடிப்படையாக வைத்து 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டிலும் ஹெல்ப் இருக்கிறது. விழுந்து கிடப்பவரைத் தூக்கிவிடலாம், சிக்கிக்கொண்டவரை விடுவிக்கலாம், தூங்குபவரை எழுப்பலாம். தாக்கப் போகிறவருக்குத் தோள் கொடுக்கும் பகுதியை மட்டும் காணோம்.

கணக்குப் பார்த்தால் காரணம் ஓரளவு புரிகிறது. அடி விழ 50 சதவீத வாய்ப்பு என்றால் அட்வான்டேஜ் அதை 75 ஆக்கும். கூடுவது 25 தான், அந்த முறையில் நானே அடித்தால் எனக்கு 50. கணினியில் குழுவின் நான்கு பேரையும் ஒருவரே ஆட்டுவிக்கும்போது யார் ஹெல்ப்பை அழுத்துவார்கள்? ஆனால் எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. மேசையில் மந்திரவாதி வரவழைக்கும் ஆந்தையால் தாக்கவே முடியாது, ஹெல்ப் செய்யலாம். தன் அடி என்று இழக்க அதற்கு எதுவும் இல்லாததால் அந்த 25 முழுக்க லாபம், எதிரியின் தலைக்கு மேல் சிறகடித்துவிட்டு அடிபடாமல் பறந்தும் போய்விடும். கணினியில் இப்படிப்பட்ட குட்டித் துணைகளுக்கும் தாக்குதலையே கொடுத்துவிட்டார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இன்னொன்று, அட்வான்டேஜ் மலிந்துவிட்டால் உதவிக்கு மதிப்பு இருக்காது. இதே விளையாட்டு 2020-இல் முன்னோட்டமாக வந்தபோது மேட்டில் ஏறி நின்றாலே அட்வான்டேஜ் கிடைத்தது. பிறகு அதைப் பகடை எண்ணோடு வெறும் 2 கூட்டுவதாக ஆக்கினார்கள். நல்ல முடிவு. அப்படி இடத்தைக் காலி செய்தவர்கள் அங்கே ஹெல்ப்பை உட்கார வைத்திருக்கலாமே.

இனி இப்படிப்பட்ட விளையாட்டைச் செய்பவர்களுக்கு வழி மேசை விதிகளிலேயே இருக்கிறது. ரோக் என்ற தந்திரக்காரக் கதாபாத்திர வகையில் மாஸ்டர்மைண்ட் என்ற பிரிவுக்கு ஹெல்ப் வெறும் போனஸ் ஆக்‌ஷன், அதாவது அதே முறையில் தாக்குதலோடு கூடுதலாகச் செய்யும் சின்னச் செயல், அதுவும் 30 அடி தூரத்திலிருந்து. தானும் அடித்து, தோழருக்கும் கைகொடுக்க முடிந்தால் அந்தப் பொத்தானை எல்லோரும் தொடுவார்கள். கூடவே, இரண்டாவது பகடையால் அடி விழுந்த நேரத்தில் கைகொடுத்தவரின் பெயரும் திரையில் வரட்டும், அவர் குரலில் ஒரு வார்த்தையாவது கேட்கட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்