யோனா நான்காம் அதிகாரப் பாடத்துக்கு உதவியவர்களுக்கு நன்றி மடல்

அன்பான உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

யோனா புத்தகம் 4 அதிகாரம், 48 வசனம். அசீரியரின் நினிவே ஊருக்குப் போகச் சொன்ன தேவனுக்குக் கீழ்ப்படியாமல் கப்பலேறி ஓடிய தீர்க்கதரிசி யோனா; புயலில் கடலில் போடப்பட்டு, மீன் விழுங்கி, பிறகு நினிவேக்குப் போனவன். ஓய்வுநாள் பாடசாலையில் பெரும்பாலும் மீனோடு பாடம் முடிந்துவிடும். மிஞ்சிப்போனால் நினிவே மனந்திரும்பியதோடு. அங்கே நிறுத்தினால், கீழ்ப்படியாவிட்டால் மீன் விழுங்கும் என்பது மட்டுமே பிள்ளைகள் மனதில் தங்கும். தம்மை அறியாத ஊருக்காகத் தேவன் பரிதபித்தது 4ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை நடுவில் வைத்துப் பாடம் எழுத நீங்கள் செய்த உதவி பெரியது.

எபிரெயம் விளக்கிய ஐயாவுக்கு முதல் நன்றி. நம் வேதாகமத்தின் ‘நீடிய சாந்தம்’ மூலத்தில் ‘எரெக் அப்பாயிம்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நீண்ட மூக்கு’. எபிரெயரின் பேச்சில் கோபம் வந்தால் மூக்கு எரியும். நமக்கும் கோபம் மூக்குக்கு மேல்தானே வருகிறது! பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும். கன்றுக்குட்டியை வணங்கிய இஸ்ரவேலரை அழிக்காமல் விட்டபோது, யாத்திராகமம் 34:6இல் கர்த்தர் தம்மைப் பற்றிச் சொன்ன சொல் அது. அதையே 4:2இல் யோனா குற்றச்சாட்டாக்குகிறான். தன் ஜனத்துக்குக் கிடைத்த பொறுமை அசீரியருக்கும் கிடைப்பதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

நினிவே கவிழ்க்கப்படும் என்று அவன் அங்கே செய்த பிரசங்கம் எபிரெயத்தில் 5 சொற்கள்தான். அதில் இரக்கம் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் 40 நாள் தவணை இருக்கிறது. அழிப்பதே நோக்கமென்றால் தவணை எதற்கு? இந்தக் கேள்வியைப் பாடத்தில் சேர்க்கச் சொன்ன போதகர் ஐயாவுக்கு நன்றி.

ஆமணக்குப் பயிரிடும் அண்ணனுக்குத் தனி நன்றி. 4ஆம் அதிகாரத்தில் யோனாவுக்கு நிழல் தந்து, மறுநாள் பூச்சி அரித்துக் காய்ந்துபோன செடி எது என்பது பழைய சண்டை. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய லிபியாவின் திரிப்போலியில், ஜெரோம் என்ற வேத அறிஞரின் புதிய லத்தீன் மொழிபெயர்ப்பை வாசித்தபோது, யோனா புத்தகத்தில் இந்தச் செடியின் பெயரான ஒரு சொல்லுக்காகச் சபையே கொந்தளித்தது. தமிழ் வேதாகமம் ஆமணக்கு என்கிறது. அது நமக்கு வசதி. அகன்ற இலை, மளமளவென்ற வளர்ச்சி, காவடிப்புழு விழுந்தால் நரம்பு மட்டும் மிச்சம். வகுப்புக்கு இரண்டு இலை கொண்டுவந்து ஒன்றை வெயிலில், ஒன்றைத் தண்ணீரில் வையுங்கள். கொட்டை மட்டும் வேண்டாம். அது கடும் விஷம், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுவிடுவார்கள். இந்த எச்சரிக்கையும் அண்ணன் சொன்னதே.

கப்பற்காரரைக் கவனிக்க வைத்த அம்மாவுக்கும் கடன்பட்டிருக்கிறோம். அவர்கள் வேறு தெய்வங்களைக் கும்பிட்டவர்கள். யோனாவைக் கடலில் போடாமல் கரைசேர்க்க வேகமாய்த் தண்டுவலித்தார்கள், அதாவது துடுப்புப் போட்டார்கள் (1:13). இதை விட்டுவிட்டால், ‘நம்பாதவன் கெட்டவன்’ என்ற எண்ணம் பிள்ளைகளிடம் ஒட்டிக்கொள்ளும்; பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

கேரளத்துச் சுரியானி சபைகளின் மூன்று நோன்பு என்ற மூன்று நாள் உபவாசத்தைப் பற்றிச் சொன்ன நண்பருக்கும் நன்றி. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்புக்கு மூன்று வாரம் முன்பு, நினிவேயின் உபவாசத்தை நினைத்து அவர்கள் இன்றும் அதைக் கடைப்பிடிக்கிறார்கள்.

கடைசியாக, மெய்ப்புத் திருத்திய அக்காவுக்கு. வலதுகை இடதுகை வித்தியாசம் அறியாத 1,20,000 பேருக்கும் அதிகமான மனுஷருக்காகவும் மிருகஜீவன்களுக்காகவும் நான் பரிதபியாமலிருப்பேனோ என்று தேவன் யோனாவிடம் கேட்கும் கேள்வியோடு புத்தகம் முடிகிறது. யோனா பதில் சொன்னதாக எழுதப்படவில்லை. நாங்கள் ஒரு பதில் எழுதியிருந்தோம். அதை அடித்துவிட்டு அந்த அரைப் பக்கத்தை வெறுமையாக விடச் சொன்னது நீங்கள்தான், அக்கா. அப்படியே அச்சாகியிருக்கிறது.

கர்த்தருக்குள்,
பாடம் தயாரித்த ஆசிரியர்கள்