தோட்டா வாங்கப் போனால் முகவரி கேட்கிறார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் தோட்டா வாங்குவது பெட்டிக்கடையில் கடலைமிட்டாய் வாங்குவது மாதிரி என்று உங்கள் பேப்பரில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பல மாநிலங்களில் ஏறக்குறைய அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் இருக்கும் கலிஃபோர்னியாவில் கதையே வேறு. வார இறுதிகளில் ஷாட்கன்னை எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்கு (சுடும் மைதானத்துக்கு) போய்ப் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுவது என் பொழுதுபோக்கு (தட்டை மட்டும்தான், ஊரிலிருந்து போன் பண்ணும் சொந்தக்காரர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான் என்பதால் சொல்லிவைக்கிறேன்). ஒரு சுற்றுக்கு 25 தட்டு, ஒரு பெட்டியில் 25 தோட்டா. அந்த ஒரு பெட்டிக்குத்தான் இத்தனை பாடும்.

2016-ல் மக்களே ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய சட்டம் இது. 2019 ஜூலை 1 முதல் கடையில் தோட்டா வாங்கும் ஒவ்வொரு முறையும் பின்னணிச் சோதனை, அதாவது வாங்குபவருக்குச் சட்டப்படி தடை ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது, உண்டு. துப்பாக்கி வாங்கியபோதே எல்லாம் பார்த்தாகிவிட்டதே என்றால் செல்லாது. கடைக்காரர் டிரைவிங் லைசென்ஸை வாங்கிக் கணினியில் போடுவார், அதில் உள்ள பெயர், முகவரி, பிறந்த தேதி, லைசென்ஸ் எண் எல்லாம் மாநிலத் துப்பாக்கிப் பதிவேட்டில் உங்களைப் பற்றி இருக்கும் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் சில நிமிட வேலை. ஆரம்பத்தில் இதற்கு 1 டாலர் கட்டணம், 2025 ஜூலையில் 5 ஆக்கிவிட்டார்கள். ஒத்துப்போகவில்லை என்றால் நீங்கள் எவ்வளவு உத்தமராக இருந்தாலும் பெட்டி கவுண்டரின் அந்தப் பக்கமேதான் இருக்கும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. வீடு மாறினேன், டி.எம்.வி.யில் (இங்கே டிரைவிங் லைசென்ஸ் தரும் மாநில அலுவலகம்) முகவரியை மாற்றிப் புது லைசென்ஸும் வாங்கிவிட்டேன், இதோடு எல்லா இடத்திலும் தானாக மாறிவிடும் என்று நினைத்தது என் தப்புத்தான். பதிவேட்டில் நான் இன்னும் பழைய அபார்ட்மெண்டிலேயே குடியிருந்திருக்கிறேன்! கடைப் பையன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான், அப்புறம் எதுவும் சொல்லாமல் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பின்னால் வரிசையில் நாலு பேர். திருடிவிட்டு மாட்டியவன் மாதிரி நின்றேன். வீட்டுக்கு வந்து இணையத்தில் முகவரியைத் திருத்தச் சொல்லி விண்ணப்பம் போட்ட பிறகுதான் வழி பிறந்தது.

இன்னொரு கூட்டமும் இப்படி மாட்டும். 2014-க்கு முன்னால் இங்கே கடையில் ரைஃபிள், ஷாட்கன் வாங்கியவர்களுடைய விவரங்களைப் பதிவேட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கமே இல்லை. வேறு துப்பாக்கி எதுவும் தன் பெயரில் இல்லாதவருக்கு ஒத்துப்பார்க்க என்ன இருக்கிறது? அவர் 19 டாலர் கட்டி வேறொரு சோதனைக்குப் போக வேண்டும், அதற்கு நாள் கணக்கில் ஆகலாம், வரும் அனுமதியும் ஒரே ஒரு தடவை வாங்கத்தான்.

நம் ஆட்களுக்கு முகவரியைவிடப் பெரிய வம்பு பெயர். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில், லைசென்ஸில் அதுவே முன்னால், இன்னொரு காகிதத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே நீளப் பெயர். லைசென்ஸில் 'ஃபெடரல் லிமிட்ஸ் அப்ளை' (கூட்டாட்சி அரசின் சில தேவைகளுக்கு இது அடையாளமாகச் செல்லாது) என்று அச்சிட்டிருந்தால் பாஸ்போர்ட் போல இன்னொரு ஆவணமும் காட்ட வேண்டும், அப்போதுதான் இந்தக் குட்டு வெளிப்படும்.

சோதனையே கூடாது என்று சொல்பவன் இல்லை நான். தோட்டா யார் கைக்குப் போகிறது என்று பார்ப்பது நியாயம். ஆனால் பிடிபடுவது யார் என்று பாருங்கள். ஒலிம்பிக்கில் தொடர்ந்து ஆறு முறை பதக்கம் வாங்கிய கிம் ரோட் என்ற துப்பாக்கிச் சுடும் வீராங்கனை தொடுத்த வழக்கில், 2024 ஜனவரியில் கூட்டாட்சி நீதிபதி பெனிடெஸ் இந்தச் சட்டம் செல்லாது என்றார். சோதனைகளில் சுமார் 11 சதவீதம் நிராகரிக்கப்படுவதையும், அதில் துப்பாக்கி, தோட்டா வைத்திருக்க உண்மையிலேயே தடை உள்ளவர்கள் மிகச் சொற்பம் என்பதையும் அவர் தீர்ப்பில் எடுத்துக்காட்டினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் சில நாட்களிலேயே அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது, அதனால் சோதனை தொடர்ந்தது. வழக்கு எப்படி முடிந்தாலும் முடியட்டும், டி.எம்.வி.யில் மாற்றிய முகவரி பதிவேட்டுக்கும் போய்ச் சேரும்படி செய்ய எந்தத் தீர்ப்பும் தேவையில்லையே.

எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு) விசாவில் வந்திருக்கும் தம்பிகளுக்கு ஒன்று. உங்களுக்கு இது காகிதப் பிரச்சினையே இல்லை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ உங்கள் கையில் இருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், ஜாலிக்கு ஒரு போட்டோ என்று போய் விசாவைத் தொலைக்காதீர்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. அப்புறம், பக்கத்து மாநிலமான நெவாடாவின் லாஸ் வேகாஸ் போய்த் திரும்பும்போது அங்கேயே வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், வெளிமாநிலத்தில் வாங்கியதை இங்குள்ள லைசென்ஸ் பெற்ற கடை வழியாகத்தான் கொண்டுவர வேண்டும்.

கடைக்குப் போவதற்கு முதல் நாள் ராத்திரி லைசென்ஸ், பாஸ்போர்ட், துப்பாக்கி வாங்கியபோது கொடுத்த காகிதம் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்துவிடுங்கள். அபார்ட்மெண்ட் எண்ணையும் சேர்த்து.

இப்படிக்கு,
கலிஃபோர்னியா வாசகர்